ஹேவ்லாக்: கரையிலிருந்து டைவிங்கா, ஸ்நார்க்கெலிங்கா? நீச்சல் தெரியாதவர்களும் கூட வருகிறார்கள்

கோவைக்காரன்

வணக்கம். பிப்ரவரி கடைசி வாரம் அந்தமான் போகிறோம். ஹேவ்லாக்கில் மூன்று இரவு, போர்ட் பிளேரில் ஒரு இரவு, மறுநாள் காலை சென்னை விமானம். நான், மனைவி, மகள் (13), மகன் (9). எனக்கும் மகளுக்கும் நீச்சல் தெரியும், மற்ற இருவருக்கும் தெரியாது. எனக்குப் பார்வை மைனஸ் 3. மீசையும் உண்டு, அதனால் மாஸ்க்கில் தண்ணீர் புகும் என்கிறார்கள்.

நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டுப் பக்கம் கரையிலிருந்தே இறங்கும் டைவ், இல்லாவிட்டால் எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்க்கெலிங் (வாயில் மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதந்து பார்ப்பது) என்று ஏஜென்ட் சொல்கிறார். நீச்சல் தெரியாதவர்களுக்கு ஸ்நார்க்கெலிங்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். சரியா?

ஓதக்கணக்கு

முதலில் வயது. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் முறைப்படி, புதியவர்கள் பயிற்றுநரோடு இறங்கும் டிஸ்கவர் ஸ்கூபாவுக்குக் குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். மகனுக்கு டைவ் கிடையாது. "ஒன்பதுதானே, பத்து என்று எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லும் கடையாக இருந்தால் குடும்பத்தில் யாருமே அங்கே இறங்க வேண்டாம்.

அடுத்தது உங்கள் எண்ணம். நீச்சல் தெரியாதவருக்கு ஸ்நார்க்கெலிங்தான் எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பல சமயம் நேர்மாறு. ஸ்நார்க்கெலிங்கில் தலை நீர்மட்டத்தில் இருக்கும். சின்ன அலை வந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும், அதை ஊதி வெளியேற்றத் தெரிய வேண்டும். காலடியில் தரையும் இல்லை. பழக்கமில்லாதவர் தலையைத் தூக்குவார், குழாய் சாய்ந்து இன்னும் தண்ணீர் புகும். பதற்றம் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கரை டைவ் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி தொடங்கும். வாயில் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வைத்து, முழங்காலிட்டு முகத்தை மட்டும் முக்கி மூச்சுப் பழகலாம். பிடிக்கவில்லையா, எழுந்து நின்றுவிடலாம். படகு டைவில் இந்த வசதி இல்லை. பிறகு பயிற்றுநர் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு மெதுவாக ஆழத்துக்குக் கூட்டிப்போவார். மிதவைச் சட்டையின் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில். ஒரு பயிற்றுநருக்கு ஒரே ஒரு ஆள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்கவர் ஸ்கூபாவின் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். முதல் தடவைக்கு ஐந்தாறு மீட்டரே தாராளம், கோமாளி மீனும் கடல் சாமந்தியும் அந்த ஆழத்திலேயே உண்டு.

கரை டைவை ஆட்டிவைப்பது ஓதம்தான், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் (இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் நம்பர் பீச்சுகள்) வற்று நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் சகதியுமாகக் கிடக்கும். அந்த நேரத்தில் 15 கிலோ சிலிண்டரைச் சுமந்து நடந்தால் கணுக்கால் பிசகும், பவளமும் மிதிபடும். ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன் தொடங்கி, உச்சி கழிந்து ஒரு மணி நேரம் வரைக்கும் நல்ல நேரம். ஓதம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே "காலை 8 மணி டைவ்" என்று ஊரிலிருந்தே நேரம் குறிக்காதீர்கள். போர்ட் பிளேர் ஓத அட்டவணையைப் பார்த்து, கடைக்காரரிடம் "அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு கடை பாருங்கள்.

அந்தமானில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், எல்லாவற்றையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டைவை இரண்டாம் நாளில் போடுங்கள். ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கு முன் 12 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பல நாள், பல டைவ் என்றால் 18. உங்கள் திட்டத்தில் ஒரு நாளுக்கு மேலேயே இருக்கிறது, கவலை இல்லை.

நீர்க்குமிழி

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் முதல் டைவைக் கெடுப்பது பயத்தைவிடக் காதுதான்.

10 மீட்டரில் அழுத்தம் தரைமட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்கும். மீட்டருக்கு மீட்டர் பார்த்தால் இந்தச் சுருக்கம் முதல் சில மீட்டரிலேயே அதிகம். அதனால்தான் இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கிறது. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். வலி வந்த பிறகு ஊதிப் பயனில்லை. தலை முங்கியதுமே ஒருமுறை, பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை. அடைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் மேலே வந்து திரும்ப முயலுங்கள். முக்கி ஊதினால் செவிப்பறைக்கும் உள்காதுக்கும் சேதம் வரலாம்.

சளி இருந்தால் டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். பாதி டைவில் அதன் வேகம் தணிந்தால், உள்ளே போன காற்று மேலே வரும்போது வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை, கர்ப்பம் எல்லாம் மருத்துவப் படிவத்தில் கேட்பார்கள். ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும், அதைக் கோவையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பம் என்றால் கையெழுத்துக்கே வேலையில்லை, டைவ் கிடையாது.

மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. நுரையீரல் நிறையக் காற்றோடு இரண்டு மீட்டர் மேலே வந்தாலே உள்ளே கிழிய வாய்ப்புண்டு. இந்த ஆபத்து அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும் டைவில் மட்டும்தான், ஸ்நார்க்கெலிங்கில் கிடையாது.

நம்மவர்கள் தவறாமல் செய்யும் ஒன்று: மீனைப் பார்த்த சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது. நீருக்கடியில் அதற்கு "மேலே போகலாம்" என்று பொருள். பயிற்றுநர் உடனே மேலே கூட்டிவந்துவிடுவார், டைவ் அத்தோடு முடிந்தது. நன்றாக இருக்கிறது என்பதற்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்தான்.

பாசிமணி

எலிஃபன்ட் பீச் பற்றிக் கொஞ்சம் உண்மை பேசுவோம். 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தபோது ஆழம் குறைந்த பகுதிகள்தான் பெரிதும் அடிவாங்கின. அங்கே ஆழமில்லாத இடத்தில் பார்ப்பதில் செத்த பவளம் நிறைய. மீன் உண்டு, கிளிமீன் கூட்டம் உண்டு, விளம்பரப் படத்தில் வரும் வண்ணங்களை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். படகுக் கட்டணத்தோடு சேர்த்துத் தரும் ஸ்நார்க்கெலிங்கில் மிதக்கும் டியூபைப் பிடிக்கச் சொல்லி, கைடு ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போய் வருவார், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது வயதுப் பையனுக்கும் நீச்சல் தெரியாத அம்மாவுக்கும் அந்த டியூபே வசதி என்பதையும் சொல்ல வேண்டும். முதல் படகில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டத்தின் காலடி மணலில் தண்ணீர் கலங்கிவிடும்.

மாஸ்க்: வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் பொருந்துகிறது. வாரை இறுக்கினால் ஒழுகல் நிற்காது, விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். மீசைக்கு: மூக்குக்குக் கீழே, விளிம்பு உட்காரும் இடத்தில் மட்டும் நான்கைந்து மில்லிமீட்டர் மழித்துவிட்டால் முடிந்தது. மனசு வரவில்லையென்றால் அந்த இடத்தில் சிலிகோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். கொஞ்சம் கசிந்தால் மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மேலே பார்த்து, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழ்வழியாக வெளியேறும்.

மைனஸ் 3க்குப் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் சில கடைகளில் இருக்கும், முன்பே கேட்டுவையுங்கள். நீருக்கடியில் எல்லாம் பெரிதாகவும் அருகிலும் தெரிவதால் அரை (0.5) பவர் குறைந்தாலும் சமாளிக்கலாம். சாஃப்ட் லென்ஸும் போடலாம். மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வெளியேற்றுங்கள், ஒரு ஜோடி உபரியாக வைத்திருங்கள்.

வீட்டுப் பயிற்சி: ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்நார்க்கெல் குழாய், மாஸ்க் வேண்டாம். முகத்தை முக்கி வாயால் மட்டும் இரண்டு நிமிடம் மூச்சுவிடச் சொல்லுங்கள். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் மூக்கால் இழுக்கும் பழக்கம்தான் எதிரி, அது வாளியிலேயே உடைந்துவிடும். மனைவியும் மகனும் தினம் ஒருமுறை செய்தால் ஒரு வாரம் போதும்.

கோவைக்காரன்

மிக்க நன்றி. அப்படியென்றால் மனைவி, மகள், நான் மூவரும் டைவ், மகனுக்கு ஸ்நார்க்கெலிங். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் கடையில் பார்த்தேன், மூக்காலேயே மூச்சுவிடலாமாம். மகனுக்கு வாங்கலாமா?

பாசிமணி

வேண்டாம். வெளிவிட்ட காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளே தங்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், சிறுவர்களின் சிறிய மூச்சுக்கு அந்தச் சிக்கல் இன்னும் பெரிது. பதறும்போது ஒரு நொடியில் கழற்றவும் வராது. சாதாரண மாஸ்க், பொருந்திய லைஃப் ஜாக்கெட், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெரியவர். சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். ஸ்நார்க்கெலிங்கில் பொசுங்குவது முதுகும் பின்னங்காலும்தான்.

மூவரும் ஒரே நேரத்தில் இறங்காதீர்கள், மகனோடு கரையில் யார் இருப்பது?

துடுப்பு

குறுக்கே ஒரு கேள்வி. ஓப்பன் வாட்டர் (அடிப்படை டைவிங்) சான்றிதழ் இருக்கிறது, ஆனால் எல்லாம் படகு டைவ். கரையிலிருந்து இறங்குவதில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ஓதக்கணக்கு

கரை டைவ் குறைந்த ஆழம்தானே என்ற அலட்சியம்தான் முதல் தவறு.

அடி தடித்த பூட்டீஸ் போடுங்கள். கல்மீனும் கடல் முள்ளெலியும் முழங்கால் ஆழத்திலேயே இருக்கும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும். காலில் மாட்டும் துடுப்புகள் கையில், மாஸ்க் கழுத்தில், மிதவைச் சட்டையில் பாதிக் காற்று. நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் கூட டைவ் செய்பவரின் தோளைப் பிடித்துத் துடுப்பு மாட்டுங்கள். அலை உடையும் இடத்தில் நின்று மாட்டவே கூடாது.

இறங்குமுன் கரையில் ஒரு தென்னையையோ கட்டடத்தையோ அடையாளம் வைத்து, திசைகாட்டியில் கடல்நோக்கிய கோணத்தைக் குறியுங்கள். திரும்புவது அதற்கு நேர் எதிர்க் கோணம். நீரோட்டம் இருந்தால் முதல் பாதியை அதை எதிர்த்தே போங்கள், களைத்த பிறகு அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். மேலே படகுகள் ஓடும், நீங்கள் இருக்கும் இடத்தை மேலே காட்டும் மிதவைக் குழாய் இல்லாமல் இறங்க வேண்டாம்.

காற்றுக் கணக்கு: வழக்கமான அலுமினியம் சிலிண்டர் 11 லிட்டர், 200 பார் (அழுத்த அளவு) என்றால் சுமார் 2,200 லிட்டர். 50 பாரை மிச்சம் வைத்தால் கையில் 1,650. நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 8 மீட்டரில், அழுத்தம் 1.8 மடங்கு என்பதால், 36 லிட்டர் இழுப்பார். ஆக 45 நிமிடம். திரும்பி நீந்த வேண்டியிருப்பதால் 120 பாரிலேயே திரும்பிவிடுங்கள்.

படகுப் பழக்கக்காரர்கள் மாட்டிக்கொள்வது எடையில். தீர்ந்த 150 பார் காற்றுக்கே இரண்டு கிலோ எடை உண்டு. கடைசிப் பத்து நிமிடம் இரண்டு மூன்று மீட்டரில் கரைநோக்கி வரும்போது அலுமினியம் சிலிண்டர் உங்களை மேலே தூக்கும், பவளத்தைப் பிடித்து நிற்கத் தோன்றும். நிறை சிலிண்டரோடு எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடுதலாகக் கட்டுங்கள்.

பவளத்தைத் தொடாதீர்கள், செத்த துண்டைக்கூட எடுத்துவராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை அவை, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

நீர்க்குமிழி

இன்னொன்று, எல்லோருக்கும். அலையாத்திக் காட்டு ஓடை கடலில் சேரும் இடங்களிலும் அந்தி நேரத்திலும் தண்ணீரில் இறங்க வேண்டாம், உப்புநீர் முதலை உண்டு. ராதாநகர் பீச் பக்கத்து நீல்ஸ் கோவ் (Neil's Cove) என்ற சிறு வளைகுடாவில் 2010இல் ஸ்நார்க்கெல் செய்தவர் ஒருவர் முதலை தாக்கி இறந்தார். தடைப் பலகை இருக்கும் இடத்தில் "இப்போது ஒன்றும் இல்லை, சும்மா இறங்குங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.