75 கேலன் தொட்டியில் பம்ப்கின்சீடும் புளூகில்லும் சேர்த்து வளர்க்கலாமா?

பைன்காடு:
எல்லோருக்கும் வணக்கம். ஊர் நியூ ஜெர்சி. 75 கேலன் தொட்டி, தரை 48க்கு 18 அங்குலம். கேனிஸ்டர் ஃபில்டர், மெல்லிய மணல், இரண்டு மரக்கட்டை. ஹீட்டர் கிடையாது. பேஸ்மென்ட்டில் தண்ணீர் குளிர்காலத்தில் 60 டிகிரி ஃபாரன்ஹீட், கோடையில் 74. வெளிநாட்டு மீன் வேண்டாம், இந்த மண்ணின் நன்னீர் மீனான சன்ஃபிஷ்தான் வைக்கப் போகிறேன். பம்ப்கின்சீட் இரண்டு, புளூகில் இரண்டு என்று கணக்கு. எண்ணிக்கை சரியா? ஏரியில் பிடித்ததை நேரே தொட்டியில் விடலாமா? பெல்லட் (உலர் குருணைத் தீனி) தின்னுமா? சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

ஓடைக்கரை:
தொட்டி, வெப்பநிலை இரண்டும் பிரமாதம். ஆனால் இரண்டுக்கு இரண்டு என்பதுதான் இருப்பதிலேயே மோசமான கணக்கு. குட்டியில் ஒன்றும் தெரியாது. நாலு அங்குலம் தாண்டியதும் பலமான ஆண் தரை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். மற்ற மூன்றும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் மேல்மூலையில் ஒண்டி நிற்கும். வால் கிழியும், கிழிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒவ்வொன்றாகப் போகும். நாலு மீன் இருந்தால் அடி மூன்று பேருக்குத்தான் பிரியும், அதுதான் காரணம்.

75 கேலனுக்கு என் தேர்வு ஒரே ஒரு பம்ப்கின்சீட். தனியாக இருந்தால் ஏங்கிப்போகுமோ என்று கவலைப்பட வேண்டாம். ஆள் நடமாட்டத்தைப் பார்த்துக் கண்ணாடிக்கு ஓடிவரும் மீன் அது. கூட்டமாகத்தான் வேண்டும் என்றால் ஒரே அளவில் ஏழெட்டுக் குட்டிகளை ஒரே நாளில் விட்டு, அடி பரவலாக விழும்படி வளர்க்கலாம். ஆனால் அதற்கு நீண்ட நாளைக்கு 125 கேலனாவது வேண்டும். புளூகில் பெரிதாக வளரும், இந்தத் தொட்டிக்கு அதை விட்டுவிடுங்கள்.

பிடிக்கும்போது அடையாளம் பாருங்கள். பம்ப்கின்சீடின் செவுள்மூடி மடல் கறுப்பு, அதன் ஓரத்தில் ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பொட்டு, கன்னத்தில் நீல நெளிகோடுகள். புளூகில்லின் மடல் ஓரம்வரை கறுப்பு, முதுகுத்துடுப்பின் பின்கோடியில் ஒரு கரும்திட்டு. வாய் பெரிதாக, தாடை கண்ணுக்குக் கீழ்வரை நீண்டிருந்தால் அது கிரீன் சன்ஃபிஷ். அந்தச் சண்டைக்காரன் வேண்டவே வேண்டாம். இவை தங்களுக்குள் கலப்பினம் போடும் என்பதால் எதிலும் சேராத குட்டியும் மாட்டும்.

செவுள்:
நேரே விடவே கூடாது. நாலு வாரம் தனித்தொட்டி. 20 கேலன், ஏற்கெனவே ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பிவிசி குழாய்த்துண்டு, மணல் வேண்டாம்.

ஆகஸ்ட் வெயிலில் பிடிக்காதீர்கள். மே மாதமோ செப்டம்பர் கடைசியோ, தண்ணீர் 70க்குக் கீழே இருக்கும்போது பிடித்தால் பாதிப் பிரச்சினை வராது. இரண்டு மூன்று அங்குலக் குட்டி போதும், பெரியது பெல்லட்டுக்குப் பழக நாளாகும். தூண்டில் என்றால் முள்ளின் எதிர்கூரைப் பிளையரால் நசுக்கிவிடுங்கள். கையை நனைக்காமல் மீனைத் தொட்டால் மேல்வழுவழுப்பு உரிந்துவிடும். மூடியுள்ள வாளி, பேட்டரி ஏர் பம்ப். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலந்து மாற்றுங்கள்.

முதல் வாரம் கேலனுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு. செவுள் புழுவுக்குப் பிராசிகுவாண்டல் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், அதாவது 20 கேலனுக்குச் சுமார் 190 மில்லிகிராம். ஃபில்டரில் கார்பன் இருந்தால் மருந்தை உறிஞ்சிவிடும், அதை எடுத்துவிட்டுப் போடுங்கள். முட்டையை அது கொல்லாது, ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் போட வேண்டும்.

தோலில் மிளகைத் தூவியது போல் கரும்புள்ளி இருந்தால் பயப்படாதீர்கள். மீன்கொத்தி, நத்தை, மீன் என்று சுற்றி வரும் ஒட்டுண்ணியின் உறை அது. வீட்டில் மீன்கொத்தி இல்லை, சுற்று அறுந்துவிடும். பயப்பட வேண்டியது வாயைச் சுற்றிச் சாம்பல்வெள்ளைப் பஞ்சு. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், உண்மையில் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செய்வதுபோல் ஹீட்டர் வைத்துச் சூட்டை ஏற்றினால் அது இன்னும் வேகமாகப் பரவும். குளிர்ச்சியாகவே வைத்துப் பாக்டீரியா மருந்து கொடுங்கள்.

நத்தைக்கூடு:
தீனிக்கு வருகிறேன். முதல் நாள் ஒன்றும் போடாதீர்கள். பிறகு உறைந்த பிளட்வோர்ம் (சிவப்பு நீர்ப்புழு), நறுக்கிய மண்புழு. அது பாய்ந்து தின்ன ஆரம்பித்ததும், பிளட்வோர்ம் உருகிய தண்ணீரில் ஊறவைத்த மூழ்கும் பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொண்டுவாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும்.

பம்ப்கின்சீடுக்குத் தொண்டையில் நத்தை ஓட்டை நொறுக்கும் தட்டைப் பற்கள் உண்டு, வாரம் ஒருமுறை நத்தை கொடுங்கள். ஆனால் குளத்து நத்தை வேண்டாம், அதுதான் புழுக்களின் வாகனம். ஒரு ஜாடியில் ராம்ஸ்ஹார்ன் நத்தை வளர்த்தால் போதும். தீனிக்கு விற்கும் கோல்டுஃபிஷ்ஷும் கூடாது. அதிலுள்ள தையமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும், நோயும் இலவசமாக வரும்.

பைன்காடு:
நன்றி. ஒற்றை மீனுக்கு வீட்டில் ஒப்புதல் கிடைப்பது கஷ்டம். கூட்டமாக வைக்க இதே ஊரில் சின்ன வகை ஏதும் உண்டா?

ஓடைக்கரை:
உண்டு, புளூஸ்பாட்டட் சன்ஃபிஷ். மூன்று அங்குலம், அவ்வளவுதான். நம் மாநிலத்தின் பைன் பேரன்ஸ் காட்டுப்பகுதியின் தேநீர் நிறத் தண்ணீரில் இருக்கிறது. உங்கள் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு தாராளமாக வாழும். அடித்துக்கொள்வது குறைவு, ஆனால் கூச்சம் அதிகம். ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடியை அடர்த்தியாக விட்டு, ஃபில்டர் நீரோட்டத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கள். நடுநிலை பிஹெச்சையும் தாங்கும். பெல்லட்டைச் சீண்டாது, உறைந்த டாஃப்னியாவும் (நீர்த்தெள்ளு) பிளட்வோர்மும் கைவசம் இருக்க வேண்டும். பம்ப்கின்சீடோடு சேர்க்க முடியாது.

செவுள்:
சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. 16 வயதானால் நியூ ஜெர்சியில் மீன்பிடி உரிமம் வேண்டும். பிடித்ததை உயிரோடு வீட்டில் வைப்பது தனி விஷயம், இனத்துக்கு இனம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மாநில மீன்வளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாநிலத்தில் விதி மீறிப் பிடித்ததை எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் வனவிலங்குக் கடத்தலைத் தடுக்கும் லேசி சட்டத்தில் மத்தியக் குற்றமாகிவிடும்.

வளர்த்ததைத் திரும்ப ஏரியில் விடாதீர்கள், பிடித்த ஏரியே ஆனாலும். 1960இல் சிகாகோவிலிருந்து அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குப் பரிசாகப் போன புளூகில் இன்று ஜப்பான் ஏரிகளில் பெருந்தொல்லை. ஐரோப்பாவிலிருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பம்ப்கின்சீட் 2019இலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது, புதிதாக வாங்கவோ விற்கவோ முடியாது.

நத்தைக்கூடு:
பம்ப்கின்சீட் பக்கமே சாய்ந்தால் ஒன்று கவனியுங்கள். 60 டிகிரி குளிர்காலம் முடிந்து தண்ணீர் சூடேறும்போது ஆண் வாலால் மணலை விசிறித் தட்டு மாதிரிக் குழி பறிக்கும், பெண் இல்லாவிட்டாலும்கூட. கல்லை மணல்மேல் வைத்திருந்தால் அடியில் தோண்டிச் சரித்துவிடும். முதலில் கண்ணாடித் தரையில் மெல்லிய பிளாஸ்டிக் வலை, அதன்மேல் கல், கடைசியில் மணல். மேலே கண்ணாடி மூடி கட்டாயம், குழாய் போகும் இடைவெளியையும் அடைத்துவிடுங்கள்.