அடைத்துப் போட்ட மேய்ச்சல் நிலம்: மண் தேறுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். பல வருடம் ஆடு மாடு மேய்ந்து மேல்மண் போய்விட்ட மானாவாரி நிலம் இது. மூன்று வருடங்களுக்கு முன்பு வேலி போட்டு அடைத்தேன். உழவில்லை, எதையும் விதைக்கவும் இல்லை.

தானாக முளைத்த வேலங்கன்றுகள் இப்போது இடுப்பளவு நிற்கின்றன. அவற்றின் அடியில் கிளறினால் மண் பொலபொலவென்று உதிர்கிறது. மக்கின சருகு, கறையான் மண், நூல் மாதிரி வேர்கள். பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் இரண்டடி தள்ளி வெட்டவெளியில் மண் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கிறது, மழைநீர் இறங்காமல் வழிந்தோடுகிறது. வறண்ட நிலத்தில் வளம் இப்படிப் புதரடியில் தீவு தீவாகத்தான் சேரும், வேல மரங்கள் வேர்முடிச்சில் தழைச்சத்தையும் சேர்க்கும் என்று படித்திருக்கிறேன்.

மண் பரிசோதனைக்குப் புதரடி மண்ணையும் வெட்டவெளி மண்ணையும் தனித்தனியாக எடுப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். கலந்தால் சராசரிதான் கிடைக்கும். மேல் 10 செ.மீ. போதுமா? கரிமச்சத்து மெதுவாகத்தான் ஏறும் என்பதால் எத்தனை வருட இடைவெளியில் மறுபடி பார்க்கலாம்?

அப்புறம், அந்த ஓடு தட்டிய இடங்களை லேசாகக் கீறி முள்கிளை பரப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதில் புல் பிடித்ததா?

இன்னொன்று: கன்றுகளைக் கவாத்து செய்யலாமா, அப்படியே விடலாமா? மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 1980-களிலிருந்து விவசாயிகள் அடிக்கட்டைத் துளிர்களில் சிலவற்றை மட்டும் விட்டு மற்றதைக் கழித்து மரமாக்கினார்கள். ஆனால் அது பயிர் நிலம். மேய்ச்சல் நிலத்தில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மழைக்கு முன் முடிவெடுக்க வேண்டும்.