இரண்டாவது ரவுண்டோடு அண்ணாச்சியை நிறுத்த வழி உண்டா?

பாளையங்கோட்டையில் சின்ன அலுவலகம். கணக்கு பார்க்கும் அண்ணாச்சி தங்கமான மனுஷன். ஆனால் பார்ட்டியில் மூன்றாவது ரவுண்டு தாண்டினால், "ஏலே, நீ என்ன வேலை பாக்க?" என்று ஒவ்வொருவரையும் பிடித்துக்கொள்வார். சொல்வதெல்லாம் உண்மை, அதுதான் சிக்கல். பொங்கல் பார்ட்டியில் மேலாளரின் பயணப்படி பில்லை வரி வரியாக எல்லார் முன்னாலும் ஒப்பித்தார். இருவருக்கும் இன்னும் பேச்சு இல்லை.

வெறும் வயிற்றில்தானே சீக்கிரம் ஏறும் என்று முதலில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் கொடுத்தோம். ஏறுவது தாமதமானது, அவ்வளவே. மதிய விருந்தாக மாற்றினோம், செவன் அப் பாட்டிலில் கலந்து கொண்டுவந்தார். மறுநாள் கேட்டால், "அப்படியா பேசினேன்?" என்கிறார். நிஜமாகவே நினைவில்லை.

ஜூலையில் சாரலுக்குக் குற்றாலம் போகிறோம். ஒரே வேனில் மேலாளரும் வருகிறார், ஏற்பாடு என் தலையில். அண்ணாச்சி மனம் கோணாமல் இரண்டோடு நிறுத்த என்ன செய்யலாம்?