இசிபிங்கோ கராஜில் பூசணம் பிடித்த 1973 பின்பால் மெஷின்: எங்கிருந்து தொடங்குவது?

டீரூம்_வாரிசு (இசிபிங்கோ, டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பா நடத்திய டீ ரூமில் ஒரு பின்பால் மெஷின் (இரும்புப் பந்தைத் தட்டி ஆடும் விளையாட்டு மெஷின்) இருந்தது. காட்லீப் கம்பெனியின் 'கிங் பின்', 1973 மாடல், ஒருவர் மட்டும் ஆடுவது. உள்ளே எல்லாம் ரிலேயும் (மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்ச்) காயிலும் (கம்பிச் சுருள்) தான், எலக்ட்ரானிக் போர்டு கிடையாது. கடையை மூடியபோது விற்க மனமில்லாமல் அப்பா அதைக் கராஜில் வைத்துவிட்டார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் கராஜுக்குள் தண்ணீர் வந்தது. மெஷினின் கால்களோடு நின்றுவிட்டது, பெட்டிக்குள் ஏறவில்லை. ஆனால் நனைந்த கார்ப்பெட்டும் அட்டைப்பெட்டிகளும் அதைச் சுற்றியே கிடந்தன, கதவும் பெரும்பாலும் மூடியே இருந்தது. இப்போது அது மறுபடி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா.

மேல் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். பிளேஃபீல்ட், அதாவது பந்து ஓடுகிற பலகை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம். உள்ளே நூல் சுற்றிய வயர்கள், எது சிவப்பு எது மஞ்சள் என்றே தெரியவில்லை. தலைப்பெட்டியில் இருக்கிற படக்கண்ணாடியின் பின்பக்கம் பெயின்ட் மீன் செதில் மாதிரி எழும்பி நிற்கிறது. ஹார்டுவேர் கடையில் ஜிக் ப்ளீச் ஊற்றித் துடைத்துவிடச் சொன்னார்கள். துடைத்துவிட்டு ப்ளக்கைப் போட்டுப் பார்க்கலாமா?

பழைய_மெக்கானிக் (சாட்ஸ்வர்த்)

தம்பி, ப்ளக் பக்கமே போக வேண்டாம். ஜிக் வேண்டவே வேண்டாம். இந்த ஊர் டீ ரூம்களுக்கு ஜூக்பாக்ஸும் பின்பாலும் வாடகைக்கு விட்டவர்களிடம் வேலை பார்த்தவன் நான். கடலோரக் கடைகளில் இருந்து வரும் மெஷின்களில் பாதிக்கு இதே நோய்தான்.

ப்ளீச் மேலே தெரிகிற கறையை வெளுக்கும், அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் பிளைவுட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற பூசணத்துக்குத் தீனி போடும். குளோரின் வேறு கான்டாக்ட்களை (ஸ்விட்ச்சின் உலோக முனைகளை) அரிக்கும், படத்தின் நிறத்தைத் தின்னும்.

பூசணத்தைத் துடைப்பதற்கு முன்னால் ஈரத்தை விரட்ட வேண்டும். ஈரம் இருக்கிற வரை எதைத் தடவினாலும் அது திரும்ப வரும். நம் டர்பனில் ஜனவரி, பிப்ரவரியில் இந்த வேலையைத் தொடவே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று காய்ந்திருக்கும், அதுதான் காலம். கார்ப்பெட், அட்டை எல்லாவற்றையும் வெளியே தள்ளுங்கள். மெஷினின் முன்கதவைத் திறந்து, தலைப்பெட்டியின் பின்கதவைக் கழற்றி, சின்ன ஃபேன் ஒன்றைக் குறைந்த வேகத்தில் அறைக்குள் ஓடவிடுங்கள். ஹீட்டர் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் பிளைவுட் அடுக்கு விட்டுவிடும், படக்கண்ணாடியில் மிச்சமிருக்கிற பெயின்டும் உதிரும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். அது 50, 55 சதவீதத்தில் நிலைத்து நிற்கும் வரை பொறுங்கள்.

அப்புறம் படக்கண்ணாடி. அந்த மெஷினில் விலைமதிப்பில்லாதது அதுதான். படம் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சடித்த வெறும் பெயின்ட். ஈரத்துணி பட்டால், கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் பட்டால், படம் துணியோடு வந்துவிடும். முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள், அதுவும் துணியை லேசாக நனைத்து. பின்பக்கம் கையே வைக்காதீர்கள். தலைப்பெட்டியிலிருந்து மெதுவாக எடுத்து, படம் மேலே பார்க்கிற மாதிரி மெத்தென்ற துணியின்மேல் படுக்க வையுங்கள். செதில் எழும்பியிருந்தால் கிரைலான் டிரிபிள் திக் என்கிற நிறமில்லாத பூச்சு ஸ்ப்ரேயை மெல்லிய அடுக்குகளாக அடித்து நிறுத்திவிடலாம்.

பிளேஃபீல்டிலும் தண்ணீர் கூடாது. மரம் நாரெழும்பும், விளக்குக்கு மேல் பதித்த பிளாஸ்டிக் வட்டங்கள் தூக்கிக்கொள்ளும். பூசணம் காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, வாக்குமை பக்கத்திலேயே பிடித்து உறிஞ்சுங்கள். பிறகு சிகரெட் லைட்டருக்கு ஊற்றுகிற திரவத்தைப் பஞ்சில் தொட்டு, உள்ளங்கை அகலம் மட்டும் துடைத்துப் பாருங்கள். பழைய மெழுகும், ரப்பரின் கரியும், பூசணக் கறையும் சேர்ந்து பஞ்சில் பழுப்பாக வரும். பஞ்சில் சிவப்போ நீலமோ தெரிந்தால் நிறுத்துங்கள், அது பெயின்ட். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. ஸ்பிரிட்டை லாக்கர் (பலகையின் மேலுள்ள பளபளப்புப் பூச்சு) மேல் தேய்க்காதீர்கள், அது லாக்கரையே இளக்கும். பெட்டியின் உட்புறத்தில் பெயின்ட் இல்லாத மரத்துக்கு 70 சதவீத ஆல்கஹால் சரி. 99 சதவீதம் வாங்க வேண்டாம், அது வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும்.

பழைய பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். 27 மில்லிமீட்டர், 80 கிராம் எடை. துருவில் குழி விழுந்த பந்து ஓடினால், நீங்கள் காப்பாற்றிய பெயின்டை அதுவே உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்துவிடும்.

ஏட்டுப்_பராமரிப்பு (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

மெக்கானிக் ஐயா சொன்ன வரிசை சரி. நான் பழைய காகிதம், புகைப்படம் பாதுகாக்கிற வேலையில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

பிரஷ் தொடுவதற்கு முன் என்95 முகமூடியும் கையுறையும் போட வேண்டும். காய்ந்த பூசணம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். காய்ந்த பிறகுதான் அதன் துகள்கள் சுலபமாகப் பறக்கும், செத்த துகள்கூட மூச்சுக்குழாயைத் தொந்தரவு செய்யும். அப்பாவுக்கு வயதாகியிருக்கும், அவரை அந்த அறைக்குள் விடாதீர்கள். வாக்குமில் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இல்லையென்றால் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் அறை முழுவதும் ஊதிவிடும்.

பெட்டிக்குள் சர்க்யூட் படம் மடித்து வைத்திருக்கும், தேடிப் பாருங்கள். முதலில் போட்டோ எடுங்கள். மடிப்பை வலிந்து விரிக்காதீர்கள். காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள்.

டிரிபிள் திக் விஷயத்தில் மட்டும் ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. அதை அடித்தால் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு நல்ல வழி ஒன்று வந்தாலும் உங்களால் போக முடியாது. படத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, கண்ணாடியைப் படுக்கையாகவே வைத்துவிட்டு, யோசித்து முடிவெடுங்கள்.

பழைய_மெக்கானிக் (சாட்ஸ்வர்த்)

அம்மா, நீங்கள் சொல்வது மியூசியத்துக்குச் சரி. இது ஓடப்போகிற மெஷின். உள்ளே விளக்கு எரியும், சூடாகும், ஒவ்வொரு தட்டுக்கும் தலைப்பெட்டி அதிரும். எழும்பிய செதில் தங்காது. ஆனால் போட்டோ எடுக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதை நான் சொல்லியிருக்க வேண்டும். பெயின்ட் ஒட்டியிருக்கிற இடங்களில் ஸ்ப்ரே தேவையே இல்லை, அதுவும் உண்மை.

ரோஸ்ஹில்_தம்பி (மொரிஷியஸ்)

எங்கள் பக்கம் புயல் காலம் முழுக்க இதே கதை. போர்டு வைத்த மெஷின் யாரிடமாவது இருந்தால் ஒரு எச்சரிக்கை: 1977 முதல் வந்த ஆரம்பகால எலக்ட்ரானிக் பாலி கம்பெனி மெஷின்களில் போர்டிலேயே ரீசார்ஜ் பேட்டரியைச் சால்டர் பண்ணியிருப்பார்கள். அது கசிந்து பச்சையாகப் படிவதைப் பூசணம் என்று நினைத்துத் துடைக்காதீர்கள். அது காரம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வினிகர் தொட்டுச் சமன்படுத்தி, பிறகு சுத்தமாக அலசிக் காயவைக்க வேண்டும். டீரூம் அண்ணனின் மெஷினில் அந்தத் தலைவலி இல்லை, அதிர்ஷ்டசாலி.

டீரூம்_வாரிசு

எல்லோருக்கும் மிக்க நன்றி. கராஜைக் காலி செய்துவிட்டேன். கண்ணாடியை ஐயா சொன்னபடி படுக்க வைத்தாயிற்று. சர்க்யூட் படம் பெட்டியின் அடியில் கிடைத்தது, ஓரம் மட்டும் கறை. அடுத்து ரிலேக்களை என்ன செய்வது? டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிக்கலாமா? பெட்டியின் வெளிப்புறத்தை மறுபடி பெயின்ட் அடிக்கலாம் என்று மைத்துனர் சொல்கிறார்.

பழைய_மெக்கானிக் (சாட்ஸ்வர்த்)

டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். ரிலே கான்டாக்டில் பொறி பறக்கும், அந்த எண்ணெய் எரியக்கூடியது. எரியாவிட்டாலும் தூசியைப் பிடித்துப் பசையாகும். காயிலுக்குள் போய்வருகிற இரும்புத் தண்டுக்கும் எண்ணெய் கிடையாது, அது காய்ந்தே ஓட வேண்டும்.

வயர்களின் நூலை நனைக்காமல் பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள், நிறம் தானாகத் தெரியும். கான்டாக்டுக்கு ஒரு விசிட்டிங் கார்டை ஆல்கஹாலில் தொட்டு, இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து, விரலால் லேசாக அழுத்தி இழுங்கள். கறுப்புக் கோடு கார்டில் விழும். கோடு விழுவது நிற்கும் வரை இழுங்கள். அதற்கும் போகவில்லையென்றால்தான் மெல்லிய அரம். தகட்டை வளைக்க வேண்டாம்.

எண்ணிக்கை ஏற்றுகிற ஸ்டெப்பர் இருக்கிறதே, வட்டத் தட்டில் பித்தளைப் பொட்டுகள், மேலே விரல் மாதிரி தகடு சுற்றும், அங்கேதான் பழைய கிரீஸ் பூசணத்தோடு சேர்ந்து கோந்தாகி இருக்கும். கையால் சுற்றிப் பாருங்கள், ஸ்பிரிங் தானாக அதைத் திரும்ப இழுக்க வேண்டும். இழுக்கவில்லையென்றால் கழற்றி, பழைய கிரீஸை முழுக்க எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தால், ஓடாத மெஷினில் பாதி கோளாறு தீர்ந்துவிடும்.

மின்சாரம் கடைசியில்தான். டிரான்ஸ்ஃபார்மரில் எந்த முனைக்கு வயர் போகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 115 வோல்ட், நம் ஊரில் 230. டீ ரூமில் ஓடியது என்றால் ஒன்று முனை மாற்றியிருப்பார்கள், இல்லை வெளியே தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பார்கள், அப்பாவிடம் கேளுங்கள். வயர் இரண்டு கம்பிதான் என்றால் எர்த்தோடு மூன்று கம்பி போட்டு, சரியான ஃப்யூஸ் வைத்து, நம் ஊர் மூன்று உருண்டை முள் ப்ளக் மாட்டுங்கள். முதல் தடவை கொடுக்கும்போது 100 வாட் ஹாலஜன் பல்பு ஒன்றைத் தொடரில், அதாவது மின்சாரம் அதன் வழியாகவே மெஷினுக்குப் போகும்படி வையுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். இந்த வேலைக்கு எலக்ட்ரீஷியன் ஒருவர் கூட இருக்கட்டும். பிளேஃபீல்டிலும் தலைப்பெட்டியிலும் பல்புகள் மாற்றும்போது 44 நம்பர் வேண்டாம், 47 போடுங்கள். கரண்ட் குறைவாக இழுக்கும், படக்கண்ணாடிக்குச் சூடும் குறையும்.

பெயின்ட் விஷயம். மைத்துனரிடம் என் சார்பில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டியில் இருப்பது காட்லீப் தொழிற்சாலையில் அச்சு வைத்து அடித்த பெயின்ட். உங்கள் அப்பா கடையில் பையன்கள் சாய்ந்து சாய்ந்து தேய்த்த இடம் அதில் இருக்கும். ஒருமுறை மூடிவிட்டால் அது போனதுதான். கறை நிற்கட்டும், பூசணம் மட்டும் போகட்டும். அடித்தட்டு பிளைவுட் உப்பியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், அது கண்ணுக்குத் தெரியாது. அடித்தட்டையும் ரிலே வரிசையையும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எது முதலில் என்று சொல்கிறேன்.