ரேடியோஹெட்டின் ‘கிட் ஏ’: கிட்டார்கள் எங்கே போயின?

கேள்வி:
பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின், 1997இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ இசைத்தொகுப்பின் கிட்டார்களில் மனம் தோய்ந்தவன் நான். 2000இல் வெளியான ‘கிட் ஏ’யில் அவை ஏறக்குறைய காணாமல் போய்விட்டன. வெற்றி தந்த பாணியை அவர்கள் ஏன் கைவிட்டார்கள்?

மறுமொழி 1:
நீண்ட சுற்றுப்பயணத்தால் சோர்ந்து, தம் பாணியைப் பலரும் நகலெடுப்பதைக் கண்டு சலித்துப்போன குழுவின் பாடகர் தாம் யார்க், மின்னணு இசையின் பக்கம் திரும்பினார். முதல் பாடலை ஹெட்ஃபோனில் கேளுங்கள்: சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் சுரங்களுக்கு மேல் அவருடைய குரலே துண்டு துண்டாக வெட்டப்பட்டு மிதக்கிறது.

மறுமொழி 2:
ராக்கை அவர்கள் துறந்துவிட்டதாக நான் கருதவில்லை. ‘தி நேஷனல் ஆன்தம்’ பாடலில் யார்க் வாசித்த பேஸ் கிட்டார் ஒரே வரியை விடாமல் சுழற்ற, அதன்மீது எக்காளங்களும் சாக்ஸபோன்களும் கட்டவிழ்ந்து மோதுகின்றன. அந்த ஆவேசம் ராக்கினுடையதே.

மறுமொழி 3:
தொகுப்பிலிருந்து ஒரு பாடலைக்கூடத் தனியாக (‘சிங்கிள்’) முன்னதாக வெளியிடாமலேயே ‘கிட் ஏ’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. வரிசை மாற்றாமல் முழுவதையும் ஒரே மூச்சில் கேளுங்கள்.