எப்போதாவது பிள்ளை பார்த்துக்கொள்வதற்கு எவ்வளவு கேட்கலாம்?

செங்காங்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இரண்டு மூன்று குடும்பங்கள் அவ்வப்போது பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். கல்யாண விருந்து, ஓவர்டைம் என்று ஏதாவது இருக்கும், நிரந்தர வேலை இல்லை. இதுவரை அவர்களாகப் பார்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். ஒருத்தர் கைப்பேசியிலேயே பேநவ் வழியாக 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போடுவார், இன்னொருத்தர் ஒரு டப்பா முறுக்கோடு முடித்துக்கொள்வார். இப்போது மேல்மாடி அம்மா, "நீங்களே ரேட் சொல்லிடுங்க அக்கா, எனக்குச் சங்கடமா இருக்கு" என்கிறார். பையனுக்கு ஒன்றரை வயது, அவன் அக்காவுக்கு ஐந்து. மணிக்கு இவ்வளவு என்பதா, மொத்தமாகச் சொல்வதா? ராத்திரி 12 தாண்டினால்? கூடக் கேட்டுவிட்டால் அப்புறம் லிஃப்டில் எப்படி முகம் பார்ப்பது? நான் நிரந்தரவாசி, இதற்கு அனுமதி ஏதும் வேண்டுமா?

மல்லிப்பூ:
மணிக்கணக்குதான் சரி, ஆனால் குறைந்தது மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை, அம்மா கிளம்பியதும் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் செருப்பைக் காட்டிக் காட்டி அழும் பாருங்கள், அந்த முதல் அரை மணி நேரம்தான் உண்மையான வேலை. ஒரு மணி நேரத்துக்கு விட்டாலும் அது உண்டு.

தொகை எவ்வளவு என்றால், வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளூர்ப் பகுதிநேர ஊழியருக்கு மணிக்கு 10.50 வெள்ளியாவது தர வேண்டும் என்று 2024 ஜூலையில் கொண்டுவந்தார்கள். வீட்டு வேலைக்கு அந்த விதி பொருந்தாதுதான், ஆனாலும் அதற்குக் கீழே ஏன் இறங்க வேண்டும்? நானாக இருந்தால் சின்னவனுக்கு 14, கூடவே பெரியவள் என்றால் இன்னொரு 5 கேட்பேன். நள்ளிரவிலிருந்து காலை 6 வரை டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்கிறோம் இல்லையா, நீங்களும் 12 மணிக்குமேல் ஒன்றரை மடங்கு வாங்குங்கள்.

புளோக்_மாமா:
பக்கத்து வீட்டுக்குள் காசு பேசினால் உறவு கெட்டுப்போகும். அந்தக் காலத்தில் யாரும் கேட்டதில்லை.

இரண்டுபிள்ளைஅம்மா:
மாமா, பிள்ளையை விடுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ரேட் தெரியாமல் இருப்பதுதான் எங்களுக்குப் பெரிய தொல்லை. முறுக்கு கொடுத்தவரைக் கஞ்சர் என்று நினைக்காதீர்கள், காசை நீட்டினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்களோ என்று பயந்திருப்பார். தொகையை நேரில் சொல்ல வேண்டாம், வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், கணவரிடம் காட்ட வசதி. சாப்பாடு யாருடையது, பேம்பர்ஸ் யார் தருவது, அதே நாளில் வேண்டாம் என்றால் பாதித் தொகையா, எல்லாவற்றையும் அதிலேயே எழுதுங்கள்.

இன்னொன்று. கை, கால், வாய்ப்புண் நோய் என்று பாலர் பராமரிப்பு நிலையம் வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையை உங்களிடம் விடப் பார்ப்பார்கள். இரட்டிப்பாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம், உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கணக்கர்:
நீங்கள் நிரந்தரவாசி என்பதால் வேலை அனுமதிப் பிரச்சினை இல்லை. இதைப் படிக்கும் சார்ந்திருப்போர் அட்டைக்காரர்கள் (இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தார்) மட்டும் கவனியுங்கள், 2021 மே 1 முதல் உங்களுக்கு இங்கே வேலை செய்யத் தனியாக வேலை அனுமதி வேண்டும், பக்கத்து வீடுதானே என்று ஆரம்பிக்காதீர்கள். வீட்டுப் பணிப்பெண்ணை அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்க அனுப்புவதும் கூடாது. அவர் தம் முதலாளிக்காக, பதிவான முகவரியில்தான் வேலை செய்யலாம்.

சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைக்கு அந்த அளவு வராது, இருந்தாலும் குறித்து வையுங்கள். அப்புறம் பாலர் பராமரிப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஈசிடிஏயின் குழந்தை பராமரிப்பாளர் முன்னோட்டத் திட்டத்தைக் காட்டி யாராவது பேரம் பேசினால் மசியாதீர்கள். அது 2 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு, நியமிக்கப்பட்ட நிறுவனங்கள் வழியாக நடப்பது, அரசு உதவியும் உண்டு, அதனால் அந்தக் கட்டணத்தோடு உங்களுடையதை ஒப்பிட முடியாது.

செங்காங்வாசி:
எல்லாருக்கும் நன்றி. மணிக்கு 18, குறைந்தது மூன்று மணி நேரம், 12க்குமேல் 27, சாப்பாடும் பேம்பர்ஸும் அவர்களுடையது என்று இப்போதுதான் அனுப்பினேன். ரத்துக்கான பாதித் தொகையை இப்போதைக்கு விட்டுவிட்டேன், மனசு வரவில்லை. நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இன்னும் இல்லை.

இரண்டுபிள்ளைஅம்மா:
கணவரிடம் காட்டிக்கொண்டிருப்பார், பொறுங்கள்.