காப்பகப் பையன் சாப்பாட்டை ஒளித்துவைக்கிறான், என்ன செய்யலாம்?

தோட்டத்துத் தம்பி:
மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம், மனநலச் சிகிச்சையோடு பிள்ளைகளை வளர்க்கும் இல்லத்தில் உதவியாளர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சின்னப் பையன் ஒருவன் ரொட்டியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைக்கிறான், எறும்பு மொய்க்கிறது, கேட்டால் கத்துகிறான்.

லெட்சுமி அக்கா:
தம்பி, அது திருட்டு இல்லை. பட்டினி கிடந்த பிள்ளைக்கு நாளைக்கும் சோறு உண்டு என்ற நம்பிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். மூடி போட்ட டப்பாவில் பிஸ்கட் போட்டு, இது உன்னுடையது என்று கொடுங்கள். காலியானால் பேசாமல் நிரப்புங்கள்.

ஈப்போக்காரர்:
அக்கா சொன்னது சரி. அப்புறம், எல்லா ஷிப்டிலும் இதே மாதிரி நடக்கணும், ஒருவர் கொடுத்ததை அடுத்தவர் பிடுங்கினால் பையன் யாரையுமே நம்ப மாட்டான். யாராவது அவனை அடிப்பது தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள், தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999-க்குக் கூப்பிடுங்கள்.

தோட்டத்துத் தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. இன்றைக்கே மேற்பார்வையாளரிடம் பேசுகிறேன்.